எந்த இடத்தில் எகிறுகிறது?



பத்து நாளாகப் பதிவு எதுவும் வரவில்லையே, உடம்பு சரியில்லையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பதிவு கொஞ்சம் நீளம். நடுவில் கணக்கு வரும், பயப்பட வேண்டாம், வகுத்தல் மட்டும்தான். கடைசியில் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்காகவாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

மகள் வயிற்றுப் பேரன் சேலத்தில் எங்களோடு தங்கிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிப்பது உறவினர்களுக்குத் தெரியும். அவனுக்கு மலையேறும் சைக்கிள் மீது பைத்தியம். கடையில் முழுதாக வாங்காமல், சனி ஞாயிறுகளில் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வருடமாக ஒவ்வொரு பாகமாக வாங்கினான். ஒரு மாதம் பிரேம் வந்தது. இன்னொரு மாதம் சக்கரம். பிறகு செயின், கியர், பிரேக். எல்லாம் புதுசு. வராண்டாவில் பழைய போர்வையை விரித்து, மூன்று இரவு உட்கார்ந்து தானே கோர்த்து முடித்தான். நான்காம் நாள் அதிகாலை ஏற்காட்டு அடிவாரத்துக்குக் கிளம்பிவிட்டான்.

ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இவன் இரண்டாவதைத் தாண்டவில்லை. வேகமாக ஏற வேண்டும் என்று பின்னால் சின்னப் பல்சக்கரத்தில் செயினைப் போட்டு, எழுந்து நின்று மிதித்திருக்கிறான். செயின் ‘டக்’கென்று எகிறியது. மிதித்த கால் வெற்றிடத்தில் இறங்கி, முட்டி ஹேண்டில்பாரில் மோதி, வலது பக்கமாகச் சாலைக்குள் விழுந்தான். பின்னால் வந்த பேருந்து பிரேக் போட்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. முட்டியிலும் முழங்கையிலும் சிராய்ப்போடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

அன்று மாலை மாப்பிள்ளை போனில் பேசினார். “மாமா, அதை வந்த விலைக்கு வித்துடச் சொல்லுங்க. தெரியாத வேலையில எதுக்குக் கை வைக்கிறான்?” என்றார். அப்பாவின் கவலை அது, குறை சொல்ல முடியாது. ஆனால் நான் சொன்னதுதான் தப்பு. பேரனைப் பார்த்து, “கவனமில்லாம செஞ்சா இப்படித்தான்டா ஆகும்” என்றேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. “ஆமா தாத்தா. நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான். மேத்ஸ்ல அரியர், இதுலயும் அரியர்” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். வீட்டம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பழைய சைக்கிள் மட்டும் ஓட்டியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நான் பள்ளிக்கு ஓட்டிய சைக்கிளில் முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம். செயின் தொளதொளத்தால் பின் சக்கரத்தை ஸ்பேனரால் தளர்த்திக் கொஞ்சம் பின்னால் இழுத்து முடுக்கிவிடுவோம். முடிந்தது வேலை. பேரனுடையதில் முன்னால் 32 பல் உள்ள ஒரு சக்கரம். பின்னால் 11 சக்கரங்கள் அடுக்காக இருக்கின்றன. கேசட் என்கிறார்கள். மிகச் சிறியதில் 11 பல், மிகப் பெரியதில் 42 பல். ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது டீரெய்லர் என்ற கை. அதில் இரண்டு குட்டிச் சக்கரங்கள் உண்டு. அந்தக் கை, பிரேமின் பின்முனையில் திருகிய ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டில் தொங்குகிறது. ஹேண்டில்பாரிலிருந்து வரும் கேபிள் அதை இழுக்கிறது. 1984-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் என்று கேபிள் அளவாக நகரும் ஏற்பாட்டைத் தன் பந்தய சைக்கிள் கியரில் கொண்டுவந்தது. அதற்கு முன் ஓட்டுபவர் காதால் கேட்டு, கையால் உணர்ந்துதான் கியரை நிறுத்த வேண்டும். இப்போது வேலை சுலபம். ஆனால் ஏதாவது அரை மில்லிமீட்டர் தவறினாலும் தகராறு.

விழுந்த அன்று இரவு அவன் எல்லாத் திருகுகளையும் திருப்பினான். கேபிளை முடுக்கினான், தளர்த்தினான். டீரெய்லர் உள்ளேயும் வெளியேயும் எவ்வளவு போகலாம் என்று கட்டுப்படுத்தும் இரண்டு திருகுகளையும் திருப்பினான். ஒன்று சரியானால் இன்னொன்று கெட்டது. விடை வரவில்லை என்று ஒரே நேரத்தில் எல்லா எண்களையும் மாற்றிப் பார்க்கும் பையனைப் போல இருந்தது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வராண்டாவில் அவன் பெடலைக் கையால் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சர்ர்ர்... டக். சர்ர்ர்... டக். 34 வருடம் வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்ட காது இது. யாராவது ஒருவன் ‘ஏழெட்டு’ வரும்போது தடுமாறினால் கூட்டத்தில்கூடக் கேட்டுவிடும். அந்த ‘டக்’ தாறுமாறாக வரவில்லை, அளவாக வந்தது. எழுந்து சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

“எல்லாத்தையும் விடு. எந்தத் திருகையும் தொடாதே. மெதுவா பெடலைச் சுத்து, நான் எண்றேன்” என்றேன். வலது பெடல் தண்டில் சாக்பீஸால் கோடு போட்டேன். ‘டக்’ வரும்போதெல்லாம் டீரெய்லர் கை ஒரு துள்ளு துள்ளியது. ஒரு முறை வலது பெடல் மேலே இருக்கும்போது துள்ளியது. அடுத்த முறை இடது பெடல் மேலே இருக்கும்போது. அடுத்தது மறுபடி வலது. இடையில் எப்போதும் மூன்றரைச் சுற்று. கியரை மாற்றச் சொன்னேன். அப்போதும் அதே மூன்றரை.

இனி கணக்கு. முன் பல்சக்கரத்தில் ஒரு பல் கெட்டிருந்தால், அல்லது பெடல் தண்டு தளர்ந்திருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, எப்போதும் அதே காலில்தான் வரும். பின்னால் கேசட்டில் பல் கெட்டிருந்தால் பின் சக்கரச் சுற்றோடு வரும். பின்னால் 32 பல் சக்கரத்தில் செயின் இருக்கும்போது, முன்னாலும் 32 என்பதால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. வேறு கியருக்கு மாற்றினால் அந்தக் கணக்கும் மாறிவிடும். இங்கே மாறவில்லை. மிச்சம் இருப்பது செயின்தான். “செயின்ல எத்தனை கண்ணி, எண்ணு” என்றேன். 111 என்றான். “மறுபடி எண்ணு, ஒற்றைப்படையில வராது” என்றேன். உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறிக் கோத்த செயின் அது. இரட்டைப்படையில்தான் முடியும். இரண்டாம் முறை 112 வந்தது. 112-ஐ 32-ஆல் வகுங்கள். சரியாக மூன்றரை. செயின் ஒரு முழுச் சுற்று சுற்றிவரும்போது ஒரே இடம் ஒரே முறை தடுக்குகிறது.

பேரன் என்னைப் பார்த்த பார்வையை நான் ஓய்வு பெற்ற பிறகு யாரிடமும் பார்த்ததில்லை.

கண்ணி கண்ணியாகக் கையால் மடக்கிப் பார்த்தோம். மற்றவை தண்ணீர் போல வளைந்தன. ஒன்று மட்டும் விறைப்பாக நின்றது. அது எது என்று அவனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்தக் காலச் செயினை இணைக்கத் தனியாக ஒரு லாக் கொடுக்கிறார்கள். அது கைதவறிச் சாக்கடையில் விழுந்திருக்கிறது. இன்னொன்று வாங்கச் சோம்பல்பட்டு, பழைய ஆணியையே செயின் கட்டரால் அழுத்தி ஏற்றியிருக்கிறான். நம் பழைய தடித்த செயினுக்கு அது செல்லும். இந்த மெல்லிய செயினில் ஆணியை ஒருமுறை வெளியே தள்ளினால் மறுபடி உட்காரும்போது தகடு இறுகும். அந்தக் கண்ணி மடங்காது. மடங்காத கண்ணி பல்லின் பள்ளத்தில் உட்காராமல் மேலே ஏறி நின்று, அழுத்தி மிதிக்கும்போது எகிறும். அதைவிட ஆபத்து, ஒருநாள் அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

இன்று நாம் பார்க்கும் இந்த வகைச் செயினுக்கு 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் காப்புரிமை பெற்றார். ஆணி, அதைச் சுற்றி உறை, அதன் மேல் உருளை. ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர்.  நம் பழைய சைக்கிளுக்கும் இவனுடையதற்கும் அது ஒன்றுதான். 112 கண்ணிக்கு 56 அங்குலம். அதில் அரை அங்குலம் கெட்டதற்கு ஒரு சைக்கிளையே விற்றுவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

கண்ணியைப் பக்கவாட்டில் மெல்ல நெகிழ்த்தினான். கொஞ்சம் இளகியது. சுற்றிப் பார்த்தோம், ‘டக்’ இல்லை. இருவரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

காலையில் தெருவில் ஓட்டிப் பார்த்தான். பத்தாவது வீட்டுக்குள் மறுபடி எகிறியது. திரும்பி வந்து சுவரில் சாய்த்துவிட்டு, “பாத்தீங்களா தாத்தா, அது காரணமே இல்ல” என்றான். எனக்கும் முகம் விழுந்துவிட்டது. அவன் பின்னாலேயே நடந்து போய்க் காது கொடுத்துக் கேட்டேன். எகிறல் இருந்தது. ஆனால் அது நேற்றைய எகிறல் இல்லை. தாளம் இல்லை. சில பல்சக்கரங்களில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் மட்டும் கரகரத்துத் தாவியது. பெரிய சக்கரங்களுக்குச் சரிசெய்தால் சின்னவை கெட்டன, சின்னவற்றுக்குச் செய்தால் பெரியவை. ஒரு காய்ச்சல் போய் இன்னொரு காய்ச்சல் நிற்கிறது. இனி எனக்குத் தெரிந்த கணக்கில் இது அடங்காது என்று தோன்றியது.

ஏற்காட்டுச் சாலைப் பக்கம் என் பழைய மாணவர் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். 1989-இல் பத்தாம் வகுப்பு. கணக்கில் தேறாமல் படிப்பை விட்டவர். இப்போது கியர் சைக்கிள் வேலைக்கு இந்த வட்டாரத்தில் எல்லோரும் அவரிடம்தான் போகிறார்கள்.

“வாங்க சார், உக்காருங்க” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பிறகு பேரனிடம், “தம்பி, நீயேவா கோர்த்த?” என்றார். “ஆமாண்ணா” என்றான், அடி வாங்கப்போகிறவன் குரலில்.

அவர் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். “கேபிள் அளவா வெட்டியிருக்க. கேசட் நல்லா இறுகியிருக்கு. பெடல் தண்டுக்கு கிரீஸ் வெச்சிருக்க. செயின் நீளம் சரி. முன்னாடி பல்சக்கரம் சரி. இதுல எல்லாம் இனி கை வைக்காத.” பேரன் நிமிர்ந்தான். நான் கேட்டேன், “தப்பைத் தேடாம எதுக்குப்பா சரியா இருக்கிறதைப் பார்த்துக்கிட்டிருக்க?”

“சரியா இருக்கிறதை முதல்ல ஒதுக்கி வெச்சிடணும் சார். இல்லன்னா தப்பைத் தேடுறேன்னு சரியா இருக்கிறதையும் கெடுத்துடுவோம்” என்றார்.

பிறகு சைக்கிளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பேரனையும் உட்கார வைத்தார். “பின்னாடியிருந்து பாரு. மேல பல்சக்கரம் நேரா நிக்குது. கீழ குட்டிச் சக்கரம் ரெண்டும் உள்பக்கமா சாஞ்சிருக்கு தெரியுதா?” தெரிந்தது. டீரெய்லரைக் கழற்றிவிட்டு, ஹேங்கரின் ஓட்டையில் ஒரு நீளக் கம்பிக் கருவியைத் திருகினார். அதன் முனை ரிம்மைத் தொடும். கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களுக்கு அதைச் சுழற்றி, ரிம்முக்கும் முனைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார். எங்கும் 4 மில்லிமீட்டருக்குள் வேறுபாடு இருந்தால் பரவாயில்லையாம். இதில் ஒரு இடத்தில் ஒட்டியும், எதிர்ப்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகியும் இருந்தது.

“எங்க விழுந்த?”

“ரெண்டாவது வளைவுலண்ணா.”

“வலது பக்கமா?”

“ஆமாண்ணா.”

“அப்ப இது விழுந்ததுல வளைஞ்சது. நீ பண்ணினது ஒரே தப்புதான் தம்பி, அந்த லாக்கு. அதால எகிறிச்சு, எகிறினதால விழுந்த, விழுந்ததால இது வளைஞ்சுது. ரெண்டாவது தப்பு முதல் தப்போட குட்டி.”

ஹேங்கர் வளைவதற்காகவே மெல்லியதாகச் செய்யப்படுகிறது, பிரேம் தப்பிக்க அது அடி வாங்கிக்கொள்கிறது என்றும் சொன்னார். அதே கம்பியால் மெல்ல மெல்ல நிமிர்த்தினார். “ஒரு தடவை நிமிர்த்தலாம். திரும்பத் திரும்ப வளைச்சா ஒடிஞ்சிடும். உன் பிரேமுக்குன்னு இருக்கிற ஹேங்கர் ஒண்ணு வாங்கிப் பையில போட்டுக்க” என்றார். ஆணி அழுத்திய வெளிக்கண்ணியைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் 11 கியர் செயினுக்கான லாக் ஒன்றை மாட்டினார். பிறகு திருகுகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றைத் திருப்பிச் சோதித்த பிறகே அடுத்ததைத் தொட்டு, சரிசெய்தார். புதுக் கேபிள் ஓட ஓடக் கொஞ்சம் தளரும், இரண்டு வாரத்தில் ஒருமுறை முடுக்கிக்கொள் என்றார். லாக்குக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

உங்களில் பலர் இப்போது கியர் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். உங்களுக்காக அவரிடம் இன்னொன்றும் கேட்டு வந்தேன். பழைய சைக்கிளில் செயின் எகிறினால் முதலில் பார்க்க வேண்டியது தேய்மானம். நம் 12 அங்குல ஸ்கேலை வைத்துப் பாருங்கள். புதுச் செயினில் 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம். ஆணிகள் தேயத் தேய அது நீளும். இத்தகைய மெல்லிய செயினில் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலே மாற்றிவிட வேண்டும். தேய்ந்ததை மாற்றாமல் ஓட்டினால் பல்சக்கரங்களும் அதற்கேற்பத் தேய்ந்துவிடும். பிறகு செயினை மட்டும் புதிதாகப் போட்டால் எகிறத்தான் செய்யும்.

கிளம்பும்போது அந்த மாணவரிடம் ஒன்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. “உனக்குக் கணக்குல எந்த இடத்துலப்பா எகிறிச்சு?”

அவர் சிரித்தார். “அடைப்புக்குறிக்கு வெளிய மைனஸ் இருந்தா உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் குறி மாத்தணும்னு எனக்குத் தெரியாது சார். முதல்ல இருக்கிறதுக்கு மட்டும் மாத்துவேன். மத்த எல்லா ஸ்டெப்பும் சரியாத்தான் போடுவேன், விடை மட்டும் வராது. என் பொண்ணு எட்டாவது படிக்கிறப்ப அவ நோட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் நோட்டில் நான் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். எல்லார் நோட்டிலும் எழுதியதுதான். விடைக்கு மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. கீழே ‘கவனக்குறைவு’. பொதுத்தேர்வுத் தாள் திருத்தும்போது ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் போட்டேன், அது விதி. என் வகுப்பு நோட்டுகளில் அதைச் செய்யவில்லை. ஐம்பது நோட்டு, நேரமில்லை. 112 கண்ணியில் ஒன்று மட்டும் மடங்காமல் இருந்த பையனுக்கு, முழுச் செயினும் மோசம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவனும் நம்பிப் படிப்பை விட்டிருக்கிறான்.

பேரன் மறுநாள் அதிகாலை ஏற்காட்டுக்குப் போனான். நான் அடிவாரத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வளைவிலிருந்து போன் செய்யச் சொல்லியிருந்தேன். செய்யவில்லை. இருபதாவது வளைவையும் தாண்டிப் போய்த்தான் செய்தான். “எகிறவே இல்ல தாத்தா” என்றான். மாப்பிள்ளைக்கு அவனே பேசிச் சொல்லிவிட்டான். அவர், “ஹெல்மெட் போட்டியா?” என்று மட்டும் கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய கணக்கு நோட்டை எடுத்து வரச் சொன்னேன். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. முதலில் சரியான படிகளுக்கெல்லாம் பென்சிலில் டிக் போட்டோம். இவ்வளவு டிக் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. தவறிய பத்துக் கணக்கில் ஏழு ஒரே இடத்தில் தவறியிருந்தன. தேர்வு நவம்பரில். தேறுவானா என்று இப்போது சொல்ல முடியாது. எங்கே எகிறுகிறது என்று அவனுக்குத் தெரியும், அது போதும்.

இனி உங்களிடம் சொல்ல வேண்டியது. உங்களில் யாருடைய நோட்டிலாவது நான் ‘கவனக்குறைவு’ என்று எழுதி, எந்த வரியில் தவறு என்று காட்டாமல் விட்டிருந்தால், அது என் கவனக்குறைவு. மன்னித்துவிடுங்கள். உங்களுக்கு எந்த இடத்தில் எகிறியது என்று நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். முப்பது வருடம் தாமதம்தான். ஆனாலும் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன்.